டகோட்டாவா, பிளாசாவா, வுல்வொர்த்தா: மன்ஹாட்டனின் பழம்பெரும் கட்டடங்களில் வீடு வாங்குவோருக்கான ஒப்பீடு

என் பெரியப்பா மகனும் அண்ணியும் நியூ ஜெர்சியில் முப்பது ஆண்டுகள் மருத்துவர்களாகப் பணியாற்றிவிட்டு, மருத்துவமனையில் இருந்த தங்கள் பங்கையும் பெரிய வீட்டையும் விற்று, மன்ஹாட்டனில் ஒரு வீடு வாங்கிக் குடியேறுவதென்று தீர்மானித்து ஓராண்டு ஆகிறது. அறுபது லட்சம் டாலர் வரை செலவிடத் தயாராக இருக்கிறார்கள். அதில் பாதியைக் கடனாக எடுக்கும் எண்ணம். கண்ணாடிச் சுவர்கள் கொண்ட புதிய கோபுரங்கள் சிலவற்றைப் பார்த்த அண்ணிக்கு அவற்றில் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. "சுவரைத் தட்டினால் கல்லைத் தட்டியது போல இருக்க வேண்டும், தம்பி. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி கேட்கிற வீடு எனக்கு வேண்டாம்" என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். அதன்பிறகு பட்டியலில் மிஞ்சியவை மூன்று கட்டடங்கள்: சென்ட்ரல் பார்க்கின் மேற்கே இருக்கும் டகோட்டா, பூங்காவின் தென்கிழக்கு முனையில் இருக்கும் பிளாசா, நகரின் தென்பகுதியில் சிட்டி ஹால் பூங்காவை ஒட்டி நிற்கும் வுல்வொர்த்.

நான் இந்நகரில் ஒரு பழைய கட்டடத்தில் பதினெட்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். அதன் நிர்வாகக் குழுவில் ஆறு ஆண்டுகள் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரியும். பழம்பெரும் கட்டடத்தில் வீடு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கூரையின் உயரத்தையும் கணப்படுப்பின் பளிங்கையும் பார்த்து மயங்குகிறார்கள். ஆனால் அவர்கள் உண்மையில் வாங்குவது அந்தக் கட்டடத்தின் வெளிச்சுவரை இன்னும் ஐம்பது ஆண்டுகளுக்குத் தாங்கி நிறுத்தும் பொறுப்பில் ஒரு பங்கை. அந்தப் பொறுப்பை யாருடன் சேர்ந்து சுமக்கப் போகிறோம், எந்த வகை உரிமையின்கீழ் சுமக்கப் போகிறோம் என்பதுதான் இந்த மூன்று கட்டடங்களையும் வேறுபடுத்துகிறது. ஆகவே இந்த ஒப்பீட்டில் அழகுக்குக் குறைவான இடமும் ஆவணங்களுக்கு அதிக இடமும் கொடுத்திருக்கிறேன்.

டகோட்டாவைக் கட்டத் தொடங்கியவர் எட்வர்ட் கேபட் கிளார்க். நம் பாட்டிமார் காலால் மிதித்துத் தைத்த சிங்கர் தையல் இயந்திரத்தை உலகெங்கும் விற்ற நிறுவனத்தின் தலைவர் அவர். 1880-ல் வேலை தொடங்கியது; 1882-ல் அவர் இறந்துவிட்டார்; 1884-ல் கட்டடம் திறக்கப்பட்டது. வசதி படைத்தவர்கள் தனி வீட்டில்தான் வாழ வேண்டும் என்று நியூயார்க் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஒரே கூரையின்கீழ் 65 வீடுகளை, ஒன்றைப் போல் மற்றொன்று இராதபடி அமைத்தார் கட்டடக் கலைஞர் ஹென்றி ஜேன்வே ஹார்டன்பர்க். குதிரை வண்டி உள்ளே நுழையும் அளவுக்கு உயர்ந்த வளைவு வாயிலும், நான்கு பக்கமும் வீடுகள் சூழ்ந்த முற்றமும் இன்றும் அப்படியே இருக்கின்றன. நடுவே முற்றம் வைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த அமைப்பு உடனே மனத்துக்கு நெருக்கமாகிவிடும். செட்டிநாட்டுப் பக்கம் பிறந்த அண்ணிக்கு அப்படித்தான் ஆயிற்று. வாடகைக் கட்டடமாக இருந்த டகோட்டா 1961-ல் கோ-ஆப், அதாவது குடியிருப்போர் பங்குதாரர்களாக இருக்கும் நிறுவனத்தின் சொத்து, ஆனது. 1969-ல் நகரமும், 1976-ல் தேசிய அரசும் அதைப் பாரம்பரியக் கட்டடமாக அறிவித்தன.

பிளாசாவையும் வடிவமைத்தவர் அதே ஹார்டன்பர்க்தான். 1907 அக்டோபர் 1 அன்று விடுதியாகத் திறக்கப்பட்ட பிளாசா, டகோட்டாவைப் போலவே 1969-ல் நகரப் பாதுகாப்பைப் பெற்றது. ஆனால் அதன் உரிமை அடிக்கடி கைமாறியது. 2004-ல் எலாட் குழுமம் 67.5 கோடி டாலருக்கு அதை வாங்கி, மறு ஆண்டு மூடி, 2008-ல் ஒரு பகுதியை விடுதியாகவும் மறு பகுதியை 181 காண்டோ வீடுகளாகவும், அதாவது தனித்தனிப் பத்திரம் உள்ள வீடுகளாகவும், பிரித்துத் திறந்தது. விடுதியின் பெரும்பங்கை 2012-ல் இந்தியாவின் சகாரா குழுமம் வாங்கியது. அக்குழுமத்தின் தலைவர் 2014-ல் உச்ச நீதிமன்ற ஆணையால் சிறைக்குச் சென்றபோது, ஜாமீன் தொகைக்காக இந்த விடுதியை விற்கும் முயற்சி ஆண்டுக்கணக்கில் நீண்டது. இறுதியில் 2018-ல் கத்தார் நாட்டின் கட்டாரா நிறுவனத்திடம் சென்றது. நியூயார்க்கில் பூங்காவைப் பார்த்த வீட்டில் இருப்பவரின் அன்றாடச் சேவைகள் டெல்லியில் நடக்கும் ஒரு வழக்கைச் சார்ந்திருக்கக்கூடும் என்பது வாங்குகிறவர் மறக்கக் கூடாத செய்தி.

வுல்வொர்த் கட்டடத்தின் கதை வேறு. ஐந்து காசுக்கும் பத்துக் காசுக்கும் பொருள் விற்ற கடைகளால் செல்வம் சேர்த்த ஃபிராங்க் வுல்வொர்த், 1 கோடியே 35 லட்சம் டாலரைக் கடன் வாங்காமல் கையிலிருந்தே கொடுத்து இதைக் கட்டினார். 1913 ஏப்ரல் 24 அன்று அதிபர் உட்ரோ வில்சன் வாஷிங்டனில் ஒரு பொத்தானை அழுத்த, இங்கே விளக்குகள் எரிந்தன. 792 அடி உயரம். 1930 வரை உலகிலேயே மிக உயர்ந்த கட்டடம். அதன் தரைத்தள மண்டபத்தில் நம் கோயில் தூண்களில் இருப்பது போலச் சிறு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன: ஓர் உருவம் காசு எண்ணும் வுல்வொர்த், இன்னொன்று கட்டடத்தின் மாதிரியைக் குழந்தையைப் போல ஏந்தி நிற்கும் கட்டடக் கலைஞர் கேஸ் கில்பர்ட். எண்பது ஆண்டுகளுக்கு மேல் அலுவலகக் கட்டடமாகவே இருந்த இதன் மேல் முப்பது தளங்களை ஆல்கமி என்னும் நிறுவனம் 2012-ல் 6.8 கோடி டாலருக்கு வாங்கி, காண்டோ வீடுகளாக மாற்றியது. கீழ்த்தளங்கள் அலுவலகங்களாகவே தொடர்கின்றன. வீட்டுக்காரர்களுக்கான நுழைவாயில் பார்க் பிளேஸ் தெருவில் தனியே இருக்கிறது. அந்தப் புகழ்பெற்ற மண்டபத்தின் வழியாக அவர்கள் அன்றாடம் வீடு திரும்புவதில்லை என்பதை அண்ணன் இரண்டாம் முறை போனபோதுதான் கவனித்தார்.

இனி உரிமையின் வகைக்கு வருகிறேன். சென்னையில் அடுக்ககம் வாங்கியவர்கள் தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு ஆகியவற்றைப் பார்த்துப் பழகியவர்கள். நியூயார்க்கின் காண்டோ அதற்கு நெருக்கமானது: வீட்டுக்குத் தனிப் பத்திரம் உண்டு, பொது இடங்களில் பிரிக்கப்படாத பங்கு உண்டு, சொத்து வரிச் சீட்டு தனியே வரும். பிளாசாவும் வுல்வொர்த்தும் இந்த வகை. டகோட்டா அப்படியில்லை. கோ-ஆப் என்றால் கட்டடம் முழுவதும் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம்; நீங்கள் வாங்குவது அந்த நிறுவனத்தின் பங்குகளையும், குறிப்பிட்ட வீட்டில் குடியிருக்கும் உரிமை தரும் ஒரு நீண்ட குத்தகை ஆவணத்தையும். உங்கள் பெயரில் ஒரு செங்கல்கூடப் பதிவாகாது. இதைக் கேட்டதும் நம்மவர்களில் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். மனை என்றால் பட்டா, வீடு என்றால் பத்திரம் என்று பழகிய மனத்துக்கு அது இயல்பே. ஆனாலும் மன்ஹாட்டனில் இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டப்பட்ட நல்ல கட்டடங்களில் மிகப் பல கோ-ஆப்களே. அவற்றில் தலைமுறை தலைமுறையாக மக்கள் நிம்மதியாக வாழ்கிறார்கள்.

கோ-ஆப்பில் விற்பவரும் வாங்குபவரும் விலையில் ஒத்துப்போனால் மட்டும் போதாது. இரண்டு மூன்று ஆண்டுகளின் வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு, கடன்கள், நண்பர்களும் உடன் பணியாற்றியவர்களும் எழுதிய பரிந்துரைக் கடிதங்கள் அனைத்தையும் தொகுத்து நிர்வாகக் குழுவிடம் கொடுத்து, பிறகு நேர்காணலுக்குச் செல்ல வேண்டும். இனம், மதம், பிறந்த நாடு போன்ற சட்டம் தடுத்துள்ள காரணங்களுக்காக மறுக்கக் கூடாது என்பதைத் தவிர, குழு எதற்காகவும் மறுக்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. டகோட்டாவின் குழு கண்டிப்புக்குப் பெயர்பெற்றது. வீடு வாங்கிய பிறகும் குழுவின் கை நீளம்தான். ஃபிஃப்த் அவென்யூ கோ-ஆப் ஒன்றில் குடியிருந்தவர் தம் சமையலறையை விரிவாக்குவதற்காக நீராவிக் குழாய் ஒன்றை நகர்த்த முயன்று, குழு தடுத்து, வழக்கு மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் வரை சென்றது. 1990-ல் அந்த நீதிமன்றம் குழுவின் பக்கமே நின்றது. கட்டடத்தின் நலன் கருதி, தன் அதிகார எல்லைக்குள், நேர்மையாக எடுத்த முடிவென்றால் நீதிமன்றம் அதில் தலையிடாது என்பது அன்று நிலைபெற்ற கொள்கை.

குழுவில் இருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். விண்ணப்பங்களைப் படிக்கும்போது நாங்கள் முதலில் பார்த்தது ஒருவரின் ஆண்டு வருமானத்தை அல்ல. வீட்டுக்குப் பணம் கட்டிய பிறகு கையில் எவ்வளவு மிஞ்சும் என்பதைத்தான். நாளை சுவரைப் பழுதுபார்க்கச் சிறப்பு வசூல் வந்தால் இவர் கட்டுவாரா என்பதே கேள்வி. ஒருவர் கட்டாவிட்டால் மற்ற அனைவரும் அந்தச் சுமையை ஏற்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்போருக்கு அகந்தையாகத் தெரியும் அந்த நேர்காணல், உள்ளே இருப்பவர்களுக்குக் காப்பீடு. 2008-ன் நிதி நெருக்கடியில் எங்கள் கட்டடத்தில் ஒரு வீடுகூட கடனில் மூழ்கவில்லை. அதற்கு அந்தக் கண்டிப்பே காரணம் என்று இன்றும் நம்புகிறேன்.

காண்டோவில் இந்தத் தொல்லை ஏறக்குறைய இல்லை. விற்பனையை விரும்பாத குழு, அதே விலையைக் கொடுத்துத் தானே வாங்கிக்கொள்ள வேண்டும்; அப்படி நடப்பது அரிது. அறக்கட்டளையின் பெயரிலோ சிறு நிறுவனத்தின் பெயரிலோ வாங்கலாம், வாடகைக்கு விடலாம், ஆண்டில் ஒன்பது மாதம் பூட்டிவைக்கலாம். சுதந்திரம் தேடுகிறவர்களுக்கு இது நல்லதே. ஆனால் நீங்கள் அனுபவிக்கும் அதே சுதந்திரத்தைப் பக்கத்து வீட்டுக்காரரும் அனுபவிப்பார். மாலை ஏழு மணிக்குப் பூங்காவின் பக்கம் நின்று பிளாசாவின் வீட்டுப் பகுதியை அண்ணாந்து பார்த்தபோது, விளக்கெரியாத ஜன்னல்களே எங்கள் கண்ணில் அதிகம் பட்டன.

வாங்கும் நேரத்துச் செலவிலும் வேறுபாடு உண்டு. பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட வீடுகளுக்கு வாங்குபவர் கட்டும் வரி மூன்று கட்டடங்களுக்கும் பொது. 2019 ஜூலை முதல் நகரில் அது விலைக்கேற்ப 1 விழுக்காட்டிலிருந்து 3.9 விழுக்காடு வரை ஏறுகிறது. அறுபது லட்சம் டாலர் வீட்டுக்கு 2.25 விழுக்காடு, அதாவது 1,35,000 டாலர். ஆனால் கடனைப் பதிவுசெய்யும் வரி காண்டோவுக்கு மட்டுமே. முப்பது லட்சம் கடனுக்கு 1.925 விழுக்காடு என்ற கணக்கில் ஏறத்தாழ 57,750 டாலர் அதில் போகும். கோ-ஆப்பில் நீங்கள் எடுப்பது பங்குகளின் மேலான கடன் என்பதால் அந்த வரி கிடையாது. இன்னொன்று: வுல்வொர்த்தில் முதல் கை விற்பனையாக, கட்டி மாற்றிய நிறுவனத்திடமிருந்தே வாங்கினால், விற்பவர் கட்ட வேண்டிய நகர, மாநிலப் பரிமாற்ற வரிகளையும் வாங்குபவர் தலையில் வைப்பது இங்கே வழக்கம், அது மேலும் 2.075 விழுக்காடு, 1,24,500 டாலர். சந்தை மந்தமாக இருக்கும்போது பேசிக் குறைக்க முடியும். பேசாமல் விட்டால் யாரும் தாமாகக் குறைக்க மாட்டார்கள்.

மாதச் செலவை ஒப்பிடும்போது பலர் தவறிவிடுகிறார்கள். கோ-ஆப்பின் பராமரிப்புத் தொகை காண்டோவினுடையதைவிட மிகப் பெரியதாகத் தெரியும். ஆனால் சொத்து வரியும், கட்டடத்தின் பேரில் கடன் இருந்தால் அதன் வட்டியும் அதற்குள்ளேயே அடங்கும். காண்டோவின் பொதுச் செலவுத் தொகையுடன் சொத்து வரியைக் கூட்டிய பிறகே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிளாசாவில் அறைச் சேவை, துப்புரவு போன்ற விடுதி வசதிகள் கிடைக்கும். அவற்றில் எவை மாதத் தொகையில் சேர்ந்தவை, எவை தனிக் கட்டணம், விடுதி உரிமையாளர் மாறினால் எவை நீடிக்கும் என்பதை ஆவணத்தில் வரி வரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

இப்போது சுவருக்கு வருகிறேன். இந்த ஒப்பீட்டின் மையம் இதுதான் என்று கருதுகிறேன். 1979-ல் பிராட்வே தெருவில் நடந்துகொண்டிருந்த கல்லூரி மாணவி ஒருவர், பழைய கட்டடத்திலிருந்து பெயர்ந்து விழுந்த சுடுமண் துண்டால் உயிரிழந்தார். மறு ஆண்டே நகரம் சட்டம் இயற்றியது. 1998-ல் அது மேலும் இறுக்கப்பட்டது. ஆறு மாடிக்கு மேற்பட்ட ஒவ்வொரு கட்டடத்தின் வெளிச்சுவரையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிபெற்ற பொறியாளரோ கட்டடக் கலைஞரோ சோதித்து அறிக்கை தர வேண்டும். குறை கண்டால் நடைபாதைக்கு மேலே கூரைப் பந்தல் போட்டு, பழுது தீரும்வரை அதை வைத்திருக்க வேண்டும்.

எங்கள் கட்டடத்தில் அந்தப் பந்தல் மூன்று ஆண்டு இருந்தது. ஜன்னல் நிலைக்கு மேல் இருந்த சுடுமண் விளிம்பில் தலைமுடி அளவு விரிசல் ஒன்றுதான் தொடக்கம். பொறியாளர் ஒரு சிறிய மரச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் மண்பானையைத் தட்டினாற்போல் கணீரென்று கேட்டது, பழுதான இடத்தில் ஊறிய பலகையைத் தட்டினாற்போல் அமுங்கி ஒலித்தது. விரிசல் வழியே இறங்கிய மழைநீர் உள்ளே இருந்த இரும்புக் கொக்கியைத் துருப்பிடிக்க வைத்திருந்தது. துரு ஏற ஏற இரும்பு பருத்து, சுடுமண்ணை உள்ளிருந்து பிளந்துகொண்டிருந்தது. ஒரே ஓர் ஓடு என்று தொடங்கிய வேலை, இருநூறுக்கு மேற்பட்ட ஓடுகளில் போய் நின்றது. இரண்டாம் மாடியில் இருந்த முதியவர் மூன்று ஆண்டு பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டு வாழ்ந்தார். அழகான முகப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுத்தியலின் ஒலிதான் நினைவுக்கு வருகிறது.

இந்தக் கோணத்தில் பார்த்தால் வுல்வொர்த்தான் மூன்றிலும் கடினமானது. எஃகுச் சட்டகத்தின்மேல் உச்சிவரை சுடுமண் போர்த்தப்பட்ட கட்டடம் அது. 1970-களின் இறுதியில் தொடங்கிய பெரிய பழுதுபார்ப்பில் சுமார் 26,000 சுடுமண் ஓடுகளை எடுத்துவிட்டுக் கான்கிரீட் ஓடுகளை வைத்தார்கள். அத்தனை உயரத்தில், அத்தனை நுட்பமான வேலைப்பாடு கொண்ட சுவரின் பராமரிப்பு ஒருநாளும் முடிந்துவிடாது; அந்தச் செலவில் கீழ்த்தள அலுவலக உரிமையாளர் எவ்வளவு, மேலே உள்ள முப்பத்துச் சொச்சம் வீடுகள் எவ்வளவு என்பதைக் காண்டோவின் மூல ஆவணம் முடிவு செய்கிறது. அந்த விகிதத்தைத் தெரிந்துகொள்ளாமல் அங்கே வீடு வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்குவதற்குச் சமம். டகோட்டாவின் சுவர் தடித்த செங்கல்லாலும் கல்லாலும் ஆனது. அங்கும் சுடுமண் அலங்காரம் உண்டு, செலவும் உண்டு. ஆனால் உயரம் குறைவு. அந்தச் செலவை ஏற்பவர்கள் பெரும்பாலும் அங்கேயே குடியிருப்பவர்கள் என்பது இன்னும் முக்கியம்.

பாரம்பரியப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய பென் ரயில் நிலையத்தை 1963-ல் இடிக்கத் தொடங்கியபோது எழுந்த வேதனையில் பிறந்தது 1965-ன் நகரச் சட்டம். வெளித்தோற்றத்தில் எதை மாற்றினாலும் நகரின் பாரம்பரியப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதி தேவை. ஜன்னல் மாற்றுவதும் அதில் அடங்கும். இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை வீட்டின் உட்புறத்தில் நீங்கள் விரும்பியபடி செய்துகொள்ளலாம். உட்புறப் பாதுகாப்பு பொதுமக்கள் வந்துபோகும் இடங்களுக்கு மட்டுமே பொருந்தும். வுல்வொர்த்தின் மண்டபமும், பிளாசாவின் பாம் கோர்ட் உள்ளிட்ட கூடங்களும் அப்படிப் பாதுகாக்கப்பட்டவை.

நம் வீடுகளில் இந்தச் சட்டம் முதலில் உறைப்பது சமையலறையில்தான். தாளிக்கும் புகை வெளியே போகக் குழாய் வைக்க வேண்டும் என்று அண்ணி விரும்புகிறார். ஏற்கெனவே புகைப்போக்கி இல்லாத சமையலறையில் அதற்காக வெளிச்சுவரில் ஒரு துளை போடுவது ஆணையத்தின் அனுமதியும் குழுவின் அனுமதியும் சேர்ந்தால்தான் நடக்கும். முகப்புப் பக்கம் என்றால் நடக்காது என்றே எடுத்துக்கொள்ளலாம். காற்றை வடிகட்டி உள்ளேயே திருப்பிவிடும் கருவிதான் மிஞ்சும். கடுகும் காய்ந்த மிளகாயும் வெடிக்கும்போது அது எவ்வளவுக்கு உதவும் என்பது சமைப்பவர்களுக்குத் தெரியும். அதேபோல் சமையலறையையோ குளியலறையையோ கீழ்வீட்டாரின் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் மேலே வருமாறு நகர்த்தப் பல கோ-ஆப்கள் அனுமதிப்பதில்லை. இந்த ஒரு விஷயத்தில் வுல்வொர்த்துக்கே என் மதிப்பெண்: அங்கே வீடுகள் அண்மையில் முழுதாக உருவாக்கப்பட்டவை, குழாயும் மின்சாரமும் காற்றோட்டமும் புதியவை. வாங்கியவுடன் இடித்துக் கட்ட வேண்டிய வேலை இல்லை.

இதனுடன் 2019-ன் கரியமில வாயுச் சட்டமும் சேர்ந்துவிட்டது. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களுக்கு 2024 முதல் வரம்பு உண்டு; 2030-ல் அது இறுகும்; மீறினால் ஒவ்வொரு டன்னுக்கும் 268 டாலர் அபராதம். பழமையான கட்டடம் என்பதற்காக விலக்கு கிடையாது. கொதிகலனை மாற்ற நிதி ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பதை மூன்று இடங்களிலும் கேட்க வேண்டும்.

பிளாசாவைப் பற்றி நான் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2008-ல் அங்கே உச்சித்தள வீடுகளை 5.35 கோடி டாலருக்கு வாங்க வரைபடத்தை நம்பி ஒப்பந்தம் செய்த ஒருவர், முடிந்த வீட்டைப் பார்த்ததும் ஜன்னல்கள் மிகச் சிறியவை, கூரை தாழ்வு, பரண்போல் இருக்கிறது என்று வழக்குத் தொடுத்தார். யார் பக்கம் நியாயம் என்பதை விட்டுவிடுவோம். நூறாண்டுப் பழமையான விடுதியின் கூரைச் சரிவுக்குள் புதிதாக வீடு அமைக்கும்போது, ஜன்னலைப் பெரிதாக்கப் பாதுகாப்புச் சட்டம் எளிதில் இடம் தராது. விடுதி அறைகளை இணைத்து வீடாக்கியிருப்பதால், ஒரே கட்டடத்தில் பூங்காவை முழுதாகப் பார்க்கும் வீடும் இருக்கும், உள்முற்றத்துச் சுவரைப் பார்க்கும் வீடும் இருக்கும். பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை நேரில் போகாமல் அங்கே எதையும் முடிவு செய்யக் கூடாது.

சுற்றுப்புறத்தைப் பொறுத்தவரை டகோட்டாவின் வாசலே ஒரு குறை. 1980 டிசம்பர் 8 அன்று அங்கே குடியிருந்த ஜான் லெனன் அந்த வளைவு வாயிலில்தான் சுட்டுக்கொல்லப்பட்டார். எதிரே பூங்காவில் அவர் நினைவாக ஓர் இடம் இருக்கிறது. ஆண்டு முழுவதும் பயணிகள் வாசலில் நின்று படம் எடுக்கிறார்கள். உள்ளே முற்றத்துக்குள் நுழைந்துவிட்டால் அந்தச் சத்தம் கேட்பதில்லை; காவலர்களும் பொறுப்பானவர்கள். மழைநாளில் கையில் காய்கறிப் பையுடன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போவதை அண்ணி பொருட்படுத்தவில்லை, அண்ணன் பொருட்படுத்துகிறார். வுல்வொர்த்தின் பகுதி மாலையிலும் வார இறுதியிலும் அலுவலகக் கூட்டம் கலைந்து அமைதியாகிவிடும். அந்த அமைதி சிலருக்கு வெறுமையாகத் தெரியலாம்.

மறுவிற்பனையைப் பற்றி எவரும் இனிப்பாகப் பேசினால் நம்ப வேண்டாம். டகோட்டாவில் நடிகை லாரன் பக்கால் வாழ்ந்த வீடு அவர் மறைவுக்குப் பின் 2.6 கோடி டாலருக்கு விற்பனைக்கு வந்து, 2015-ல் 2.1 கோடிக்கு விற்றது. வுல்வொர்த்தின் உச்சி வீட்டுக்கு 2017-ல் கேட்ட விலை 11 கோடி டாலர். 2023-ல் விற்ற விலை 3 கோடி. முதல் விலையில் யாரும் வாங்கவில்லை என்பதால் அதை இழப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் புகழ்பெற்ற கட்டடத்தில் கேட்கப்படும் விலைக்கும் கொடுக்கப்படும் விலைக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்கக்கூடும் என்பதை அது காட்டுகிறது. அதே கட்டடத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் பதிவான விலைகள் நகரத்தின் பொது ஆவணங்களில் கிடைக்கும். அவற்றை வைத்துப் பேசுவதே முறை.

அண்ணனுக்கு இருக்கும் உண்மையான கவலை பிள்ளைகளைப் பற்றியது. மகள் சியாட்டிலில் இருக்கிறாள். கோ-ஆப்பில் பங்குகளை வாரிசுக்கு எழுதிவைக்கலாம். ஆனால் வாரிசு அங்கே குடியேறப் பெரும்பாலும் குழுவின் ஒப்புதல் தேவைப்படும். ஒப்புதல் கிடைக்காவிட்டால் விற்றுப் பணமாக்கிக்கொள்ளலாம், குடியிருக்க முடியாது. காண்டோவில் இந்தச் சிக்கல் இல்லை. குளிர்காலத்தில் மூன்று மாதம் காரைக்குடிக்குப் போய்விடுவார்கள். அப்போது வீட்டைப் பூட்டிவைக்க எந்தக் கோ-ஆப்பும் தடை சொல்லாது, வாடகைக்கு விடத்தான் தடை. கோயம்புத்தூரில் இருக்கும் சின்னண்ணன் தானும் கொஞ்சம் பணம் போடுகிறேன் என்று சொன்னதையும் நான் ஊக்குவிக்கவில்லை. இந்தியாவிலிருந்து ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலருக்கு மேல் அனுப்ப முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல், அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவர் இறந்தால் இங்குள்ள அவர் சொத்தில் 60,000 டாலருக்கு மேற்பட்ட பகுதிக்கு 40 விழுக்காடு வரை மரபுரிமை வரி வரக்கூடும். இதை அறியாமல் உறவினர் பெயரைச் சேர்த்துவிட்டுப் பின்னர் தவித்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கையில் பிளாசாவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். ஆண்டுக்கு இரண்டு மாதம் வந்து தங்குகிறவர்களுக்கு அது பொருந்தும்; அங்கேயே மூப்படைய நினைப்பவர்களுக்கு, அண்டை வீட்டில் விளக்கெரிய வேண்டும், கட்டடத்தின் கணக்கில் தம் குரலும் ஒலிக்க வேண்டும். அந்த அளவுகோலில் என் வாக்கு டகோட்டாவுக்கு. வீட்டுக்குப் பணம் கொடுத்த பிறகும் இரண்டு ஆண்டுப் பராமரிப்புத் தொகைக்குப் போதிய ரொக்கம் அவர்களிடம் இருக்கும். பரிந்துரைக் கடிதம் எழுத முப்பது ஆண்டு நோயாளிகளும் சக மருத்துவர்களும் இருக்கிறார்கள். கடன் தொகையை முப்பதிலிருந்து இருபது லட்சமாகக் குறைத்துக்கொண்டால் குழுவின் முன் இன்னும் உறுதியாக நிற்கலாம். மகள் அங்கே குடியேற வேண்டும் என்பது அவர்களுக்குக் கட்டாயமென்றால் மட்டும் வுல்வொர்த்துக்கு மாறலாம். அதுவும் பழுதுச் செலவின் பங்கு விகிதத்தை வழக்கறிஞர் எழுத்தில் பெற்ற பிறகே.

எந்தக் கட்டடமானாலும் முன்பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய ஆவணங்களை அண்ணனிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: கடந்த மூன்று ஆண்டுகளின் தணிக்கை செய்யப்பட்ட கணக்கு, ரிசர்வ் நிதியின் இருப்பு, கடந்த ஐந்தாண்டுகளில் நடந்த சிறப்பு வசூல்கள், வெளிச்சுவர்ச் சோதனையின் கடைசி இரண்டு அறிக்கைகள், குழுக் கூட்டங்களின் குறிப்பேடு. குறிப்பேட்டை நகலெடுக்க விடமாட்டார்கள். வழக்கறிஞர் நிர்வாக அலுவலகத்துக்கே போய் உட்கார்ந்து படிக்க வேண்டும். அடுத்த வாரம் டகோட்டாவின் வீட்டை மறுபடியும் பார்க்கப் போகும்போது, என் கட்டடத்தில் வேலை செய்த அந்தப் பொறியாளரையும் அழைத்துப் போகிறோம். மரச் சுத்தியலை எடுத்துவர மறக்க வேண்டாம் என்று அவரிடம் அண்ணியே தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்.